ஆயிரத்து அறுநூறு

பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் என் வேலை
அச்சில் ஏற்றிய இரண்டு சக்கரங்களுக்கு நடுவே
அளவுகோலை நுழைப்பது.
உள்முகத்திலிருந்து உள்முகம்
ஆயிரத்து அறுநூறு மில்லிமீட்டர்.
இரண்டு கூடலாம், ஒன்று குறையலாம்.
அதற்கு மேல் போனால் சாக்பீஸில் பெருக்கல் குறி.
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அதே எண்ணை ஒருநாள்
அயர்லாந்து என்ற பெயருக்கு எதிரே பார்த்தேன்.
அங்கே தண்டவாளத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே
ஆயிரத்து அறுநூறு.
நம் அகலப் பாதையைவிட மூன்று அங்குலம் ஒடுக்கம்.
நான் தினம் அளக்கும் இடைவெளிக்குள்
ஒரு நாட்டின் ரயில்பாதை முழுக்க
இடிக்காமல் படுத்திருக்கிறது.
ஏன் அயர்லாந்து என்று கேட்பவர்களுக்கு
இதுதான் பதில். யாரும் நம்புவதில்லை.
மழை, பசும்புல் என்று எதையாவது சொன்னால்
தலையாட்டுகிறார்கள்.

கொருக்குப்பேட்டை, இரண்டாவது மாடி.
தையல் மிஷினை மூடும் பலகைதான் என் யார்டு.
நூற்று நாற்பத்தெட்டில் ஒரு பங்கு:
ஆள் நின்றால் என் சுண்டுவிரல் நகம் உயரம்.

இப்போது கையில் இருப்பது
சர்க்கரைக் கிழங்கு ஏற்றும் வேகன்.
பழைய வேகன் ஒன்றின் தலையில்
இன்னொன்றைத் தூக்கி வைத்துப்
பற்றவைத்திருக்கிறார்கள் அந்த ஊரில்.
பட்டா இல்லாத இடத்தில் மாடி எடுப்பதுபோல.
அங்கேயே எனக்குப் பிடித்துப்போயிற்று.
நெளித் தகட்டுக்கு மாத்திரை அட்டையின் வெள்ளித்தாள்,
சீப்புப் பல்லில் வைத்து நகத்தால் கீறினால்
நெளிவு நெளிவாய் விழும்.
பிரேக் கம்பிக்கு
பக்கத்து வீட்டு டெரிக்கின் அறுந்த கிட்டார் நரம்பு.
கிழங்குக்குச் சிறுகடுகு.
தாளிக்கத் தேடி வந்த ஏசுபாதம்
வேகனுக்குள் எட்டிப் பார்த்து
"லோடு வந்துட்சா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை
நான்கு சக்கரங்களையும் அச்சில் தள்ளி
உள்முகம் அளந்தேன். பத்து புள்ளி எட்டு ஒன்று.
சரி. ஆயிரத்து அறுநூறுதான்.
பாதையில் வைத்தேன்.
உட்காரவில்லை.
விளிம்பு தண்டவாளத்தின் தலைமேல் ஏறி நின்று
கடுகு சிந்தியது.
மறுபடி அளந்தேன். மறுபடி சரி.
காபி ஆறி ஏடு கட்டிய பிறகுதான் உறைத்தது:
அங்கே அந்த எண் பாதையுடையது,
சக்கரத்துடையது அல்ல.
பதினாறு வருடக் கை
அயர்லாந்து வேகனுக்குப்
பெரம்பூர்க் கால்களை மாட்டிவிட்டது.

அரை மில்லிமீட்டர்.
தபால்தலையை இரண்டாக மடித்தால்கூட
அந்தப் பிழைக்குள் போய்விடும்.

துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டும் ஏசுபாதம்
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.
"இன்னா இப்ப? சக்கரத்த மாத்து,
இல்லாட்டி ரோட்ட மாத்து."

நான் யாருக்கும் கேஸ் எழுதவில்லை.
பெருக்கல் குறியும் போடவில்லை.
தீக்குச்சிகளைச் சாம்பல் நிறத்தில் முக்கி
ஓர் அடி நீளத்துக்கு நம்ம ஊர்ப் பாதை போட்டேன்.
வேகன் மெத்தென்று உட்கார்ந்தது,
வாடகைக்கு வந்த வீட்டில்
முதல் நாளே கால் நீட்டுகிறவன்போல.

செவ்வாய் இரவு இரண்டேகால்.
அத்திப்பட்டு நிலக்கரி ரேக்.
முதலில் ஜன்னல் கம்பி, பிறகு சொம்பு,
பிறகு பலகை.
விளக்கைப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
எஞ்சின் இல்லை, மின்சாரம் இல்லை.
ஐம்பத்தெட்டு வேகன் கடப்பதற்குள்
கிழங்கு வேகன் தானாக
இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது.
நிஜக் கணக்கில் ஒரு அடி.

போன் போட்டேன்.
சாயங்காலம் ஆறு மணியிலிருந்து
துறைமுகக் கேட்டுக்கு வெளியே
அதே லாரிக்குப் பின்னால் நிற்கிறாராம்.
"குடுத்து வச்ச வண்டி," என்றார்
ஏசுபாதம்.